செவிலியர் பதிவேடு பிறந்த வரலாறு

நோயாளியின் உயிர் செவிலியர் கையில் ஓர் அமானிதம். ஆயினும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பயிற்சியே பெறாதவரும் தம்மைச் செவிலியர் எனக் கூறிக்கொள்ளத் தடையில்லை. இதனை மாற்ற, முன்னாள் தலைமைச் செவிலியர் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தை நிறுவி, அரசுப் பதிவேடு கோரினார். நற்குணத்தைத் தேர்வால் அளக்க இயலாது என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலே எதிர்த்தார். நியூசிலாந்து 1901இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்திலோ மசோதாக்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. 1918 வரை நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லை. எனினும் அவர்கள் ஓயவில்லை. 1919 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டின் முதற்பெயர் ஃபென்விக்குடையது. செவிலியர் பணியைத் தேர்ந்தெடுக்கும் நம் பெண்மக்களுக்கு இவ்வரலாற்றை நாம் எடுத்துரைப்போம்: நோயாளிக்காகச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டுவதும் பணிவிடையே.