28 என்ற எண்ணும் ஒரு ஸ்பேர் டியூபும்

ரோடு பைக் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: ‘டயர்ல 28னு போட்டிருக்கு. தெருமுனை பஞ்சர் கடையிலயும் 28 டியூப் தொங்குது. அதையே ஸ்பேரா வாங்கி வெச்சுக்கலாமா?’ வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை வாங்கினார். (ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே வாங்கிவிட்டிருந்ததால் பிறகு அது செல்லாமல் போனது தனிக்கதை.) டன்லப் டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, பசை காயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் சார்ல் தெரோன் அந்த டயரை மாட்டிக்கொண்டு, சுமார் 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை 72 மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தார். ஸ்பேர் டியூப் என்ற பொருளுக்கே அர்த்தம் வந்தது அப்போதுதான் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், பந்தயக்காரர்கள் அதன்பிறகும் பல பத்தாண்டுகள் டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் ஒட்டும் டயரைத்தான் ஓட்டினார்கள். பழைய டூர் தெ பிரான்ஸ் படங்களில் வீரர்கள் தோளில் குறுக்காக மாட்டியிருப்பது டியூப் இல்லை, முழு டயர்.

சரி, 28க்கு வருவோம். அந்தக் காலத்தில் டயரின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் அப்படித்தான்: 28 அங்குலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் கழித்தால் 25 அங்குலம், அதாவது 635 மி.மீ. டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் இது. பிரெஞ்சுக்காரர்கள் வெளிவிட்டத்தை 700 மி.மீ. என்று வைத்து, டயரின் தடிமனுக்கேற்ப ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்தார்கள். சி தான் தடித்தது. 622 மி.மீ. ரிம், இரண்டு பக்கமும் 39, கூட்டினால் 700. பிறகு டயர் மெலிந்துகொண்டே போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று 700 × 23சி டயரை அளந்தால் 668தான் வரும்!

ஆக, உங்கள் டயரில் இருக்கும் 28 அகலம், மில்லிமீட்டரில். பஞ்சர் கடையின் 28 விட்டம், அங்குலத்தில். போதாக்குறைக்கு 622 ரிம்மையும் ஐரோப்பாவில் 28 அங்குலம் என்றே சொல்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து, டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் 28-622 என்ற ஜோடி எண். முதலாவது அகலம், இரண்டாவது ரிம் விட்டம். டியூப் பெட்டியில் 700 × 25–32 என்று இருந்தால் உங்கள் 28 அதற்குள் வருகிறது, தாராளமாக வாங்கலாம். பெரிய சைக்கிள் டியூபைத் திணித்தால் உள்ளே மடிந்து, மடிப்பிலேயே தேயும்.

அதைவிட முக்கியம் வால்வு. வால் டியூப் போட்ட பழைய வால்வும், மோட்டார் சைக்கிளில் இருக்கும் ஷ்ரேடர் வால்வும் தடிமனானவை; அவற்றுக்கு ரிம்மில் எட்டரை மி.மீ. துளை வேண்டும். ரோடு பைக்கில் பெரும்பாலும் ஆறரைதான். அதற்குள் நுழைவது மெல்லிய பிரெஸ்டா மட்டுமே. ரிம்மின் உயரத்தை அளந்து, அதைவிட 15–20 மி.மீ. நீளமான வால்வு உள்ளதாக வாங்குங்கள். உயரமான ரிம்மில் குட்டை வால்வைப் போட்டால் பம்ப் தலை பிடிக்காது. டியூப் இருந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க ஒரு சின்ன பித்தளை அடாப்டரும் வேண்டும்.

1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் பியூட்டைல் ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் கறுப்பு டியூப் பெரும்பாலும் அதுதான். லேடெக்ஸ் டியூப் லேசானது, ஓட்டவும் சுகம். ஆனால் ஒரே ராத்திரியில் காற்று கணிசமாக இறங்கிவிடும். ஸ்பேருக்கு நான் பியூட்டைலே போதும் என்பேன். ஆனால் அதை ஸ்பேனரோடு அப்படியே சீட்டுப் பையில் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் உரசி உரசி, மாட்டுவதற்கு முன்பே ஓட்டை விழுந்திருக்கும். பழைய காலுறை ஒன்றுக்குள் சுருட்டி வையுங்கள். டயர் மாற்றும்போது கை துடைக்கவும் ஆகும்.