மூக்குக் குழாய் வழியே உணவு: வயிறு நிறைந்தும் சத்து குறைவது ஏன்?

பக்கவாதம், தலைக்காயம், தொண்டைப் புற்றுநோய் போன்ற காரணங்களால் வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகவோ, வயிற்றில் துளையிட்டோ குழாய் பொருத்தப்படுகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், வேறு எந்த மருத்துவமனையானாலும், நோயாளி குழாயோடு வீடு திரும்பிவிட்டால் அதன்பின் உணவுப் பொறுப்பு குடும்பத்தினருக்குத்தான்.

"நேரத்துக்கு கஞ்சி போகுது, எடையும் குறையல. அப்புறம் ஏன் இந்தச் சோர்வு?" நுண் தாதுக்கள் குறைவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நுண் தாதுக்கள் என்றால் என்ன?

துத்தநாகம், செம்பு, செலினியம், அயோடின், இரும்பு போன்றவை. தேவை மிகச் சிறிய அளவுதான். ஒரு நாளைக்கு துத்தநாகம் சில மில்லிகிராம் வேண்டும். செலினியம் மைக்ரோகிராம் கணக்கில் போதும். ஆனால் மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் உடல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் குறைகிறது?

* பாலில் இரும்பும் செம்பும் மிகக் குறைவு. குழாய் அடைக்கக் கூடாது என்று கஞ்சியை வடிகட்டி, தண்ணியாக்கினால் சத்து இன்னும் குறையும்.

* தானியம், பயறுகளில் உள்ள ஃபைட்டேட், துத்தநாகமும் இரும்பும் உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

* கடையில் வாங்கும் முழுச்சத்து மாவுகள் பலவும், சுமார் 1,500 கலோரி கொடுத்தால்தான் ஒரு நாள் தேவையை நிறைவு செய்யும். 900 கலோரி மட்டும் கொடுத்தால் கிடைப்பது 60 சதவீதம்தான்.

* உப்பே சேர்க்காவிட்டால் அயோடினும் குறைந்துபோகும்.

அறிகுறிகள் என்ன?

வாயைச் சுற்றித் தடிப்பு, முடி உதிர்தல், ஆறாத படுக்கைப் புண் ஆகியவை துத்தநாகக் குறைவாக இருக்கலாம். நகம் வெளுத்து, தசை பலவீனமானால் செலினியம் குறைந்திருக்கலாம். முற்றினால் இதயத் தசையும் பாதிக்கப்படும். இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, வெள்ளணுக்கள் குறைதல், கை கால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் செம்பையும் பார்க்க வேண்டும்.

குழாயின் முனை எங்கே?

தாமிரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் தாமிரபரணிக் கரைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. செம்பு பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும்தான் உறிஞ்சப்படுகிறது. குழாயின் முனை அதையும் தாண்டி, நடுச்சிறுகுடலில் இருந்தால் செம்பு குறையும் ஆபத்து அதிகம். ஜப்பானில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, செம்பு நிறைந்த கோகோ தூளைக் குழாய் வழியே கொடுத்து மருத்துவர்கள் சரிசெய்திருக்கிறார்கள்.

துத்தநாக மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

நாமாகக் கொடுக்கக் கூடாது. துத்தநாகம் அதிகமானால் குடல் செம்பை உறிஞ்சுவது குறைந்துவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதையாகிவிடும்.

ரத்தப் பரிசோதனையிலும் கவனம் தேவை. உடலில் கிருமித்தொற்று இருக்கும்போது ரத்தத்தில் துத்தநாகமும் செலினியமும் குறைவாகவும், செம்பு அதிகமாகவும் தெரியும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* தினமும் என்ன உணவு, எத்தனை மில்லி போனது என்று நோட்டில் எழுதுங்கள்.

* குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வையுங்கள்.

* உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டு, அயோடின் கலந்த உப்பையே சேருங்கள்.

* மாதங்கள் நீண்டால், உணவியல் நிபுணரிடம் அந்த நோட்டைக் காட்டி, எந்தப் பரிசோதனை தேவை என்று கேளுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்பு சேவை உண்டு. அந்தப் பணியாளர்கள் வரும்போதும் நோட்டை எடுத்துக் காட்டலாம்.