குழந்தைத் தோட்டத்துக்குத் தடை!

உங்கள் வீட்டில் எல்.கே.ஜி. போகும் வாண்டு யாராவது உண்டா? அந்த 'கே.ஜி.' என்னவென்று தெரியுமல்லவா? கிண்டர்கார்டன்! ஜெர்மானிய வார்த்தை. 'கிண்டர்' என்றால் குழந்தைகள். 'கார்ட்டன்' என்றால் தோட்டம். சும்மா அழகுக்கு வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. பெயர் வைத்த மனுஷர் நிஜத் தோட்டத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். மண், பாத்தி, பூவாளி, மண்புழு எல்லாம் உள்பட! அந்தத் தோட்டத்துக்கு ஓர் அரசாங்கம் தடை போட்ட கதைதான் இது.

ஃப்ரெடரிக் ஃப்ரோபெல். 1782-ல், ஜெர்மனியின் துரிங்கியா காட்டுப் பகுதியில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டார். அப்பாவுக்கு சர்ச் வேலையே சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த சிற்றன்னைக்கு, தனக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் இந்தப் பையன் வேண்டாதவனாகிப் போனான். மிச்சம் இருந்தது தோட்டம் மட்டும்தான்.

ஒருநாள், ஹேசல் என்கிற கொட்டை மரத்தின் மொட்டுகளில் செந்நிற நூல்கள் எட்டிப்பார்ப்பதைக் கண்டு பையன் சொக்கி நிற்கிறான். அண்ணன் வந்து விளக்குகிறார். ''இது பெண்பூ. அதோ தொங்குகிறதே, அது ஆண்பூ.'' (நம்மூர் பூசணிக்கொடியிலும் இப்படித் தனித்தனியாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள்.) பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது ஃப்ரோபெல் இந்தச் சம்பவத்தை மறக்காமல் குறிப்பிட்டார். அப்பாவின் பிரசங்கங்களைக் கேட்டு ஆண், பெண், பாவம் என்று மனசுக்குள் குழம்பிக்கிடந்த பையனுக்கு ஒரு பூ பதில் சொல்லியிருக்கிறது!

பிறகு வன அதிகாரியிடம் எடுபிடி, பள்ளி ஆசிரியர், நெப்போலியனை எதிர்த்த தன்னார்வப் படையில் சிப்பாய், பெர்லின் அருங்காட்சியகத்தில் தாதுக்கல் ஆராய்ச்சி... எதிலும் நிலைக்காமல் சுற்றினார். 1837-ல், ஐம்பத்தைந்து வயதில், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னஞ்சிறுசுகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-ல்தான் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் கிடைத்தது. மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது பெயர் பளிச்சென்று தோன்ற, அங்கேயே நின்று உரக்கக் கத்தினார் என்று கூட வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுவில் குட்டிக் குட்டிப் பாத்திகள், குழந்தைக்கு ஒன்று வீதம். இடம் போதாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. அவற்றைச் சுற்றிலும் எல்லோருக்குமான பொதுப் பாத்திகள். பொதுவில் பூச்செடி, காய்கறி, தானியம், எண்ணெய் வித்து, மாட்டுத் தீவனம் என்று வகைவகையாக. எல்லாவற்றிலும் பெயர் எழுதின பலகை. செடியின் பெயர் மட்டுமல்ல, பாத்திக்குச் சொந்தக்காரரான நாலு வயதுப் 'பண்ணையார்' பெயரும் இருக்கும்!

பொதுப் பாத்தியில் பெரியவர்கள் சொன்னபடி வேலை. ஆனால் சொந்தப் பாத்தியில் குழந்தை வைத்ததுதான் சட்டம். என்ன வேண்டுமானாலும் விதைக்கலாம். எப்படி வேண்டுமானாலும் கவனிக்கலாம், கவனிக்காமலும் விடலாம். மண்ணில் போட்ட விதை என்ன ஆச்சு என்று தினமும் தோண்டிப் பார்க்கிற குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. தோண்டினால் முளை செத்துப்போகும். தண்ணீர் விட மறந்தால் வாடும். பக்கத்துப் பாத்தியில் அதே விதை இரண்டு இலை விட்டிருக்கும். அதற்குமேல் டீச்சர் எதற்கு? எனக்குத் தெரிந்து, 'உன் தப்பை நீயே பண்ணிப் பார்' என்று நாலு வயசுக்குச் சொன்ன பாடத்திட்டம் அந்தக் காலத்தில் ரொம்ப அபூர்வம்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? வெள்ளைமுடி பறக்க, குழந்தைகளோடு பாடி ஆடிக்கொண்டிருந்தவரைக் 'கிழட்டு முட்டாள்' என்றார்கள். 1849-ல் ஓய்வெடுக்க வந்த மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டி இந்தக் கேலியைக் கேட்டுத்தான், 'யாரப்பா அந்த ஆள்?' என்று தேடிப்போய்ப் பார்த்தார். பார்த்தவர் சிஷ்யையாகிவிட்டார்!

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. அது நசுக்கப்பட்ட பிறகு, மன்னராட்சிகளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். 1851 ஆகஸ்ட் 7. பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சர் ஃபான் ரௌமர் உத்தரவு போட்டார். 'ஃப்ரோபெலின் சோஷலிசத் திட்டத்தின் ஒரு பகுதிதான் கிண்டர்கார்டன். இளசுகளை நாத்திகத்துக்குத் தள்ளுகிறது. எனவே தடை!'

நாத்திகமா? பாதிரியாரின் மகன், பேச்சுக்குப் பேச்சு கடவுளை இழுப்பவர்! நடந்தது என்னவென்றால், ஃப்ரோபெலுக்கு கார்ல் என்று ஓர் அண்ணன் மகன். முற்போக்கு ஆசாமி. பெண்களுக்கான உயர்கல்வி, கிண்டர்கார்டன் இரண்டையும் சேர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். கார்லின் சகோதரர் ஜூலியஸோ, வியன்னா புரட்சியில் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் மன்னிக்கப்பட்டவர். அமைச்சரகத்துக்கு எல்லா ஃப்ரோபெலும் ஒரே ஃப்ரோபெல்தான்!

'ஐயா, அந்த ஆள் நான் இல்லை' என்று கிழவர் விளக்கம் எழுதி அனுப்பினார். சீமாட்டி தன் செல்வாக்கையெல்லாம் திரட்டி மேலிடம்வரை மனு போட்டார். ஆள் மாறாட்டம் என்று தெரிந்த பிறகும் அமைச்சர் இறங்கி வரவில்லை. போட்ட உத்தரவை வாபஸ் வாங்கினால் அரசாங்கத்தின் கௌரவம் என்னாவது? நாமும் பார்க்காத விஷயமா!

நல்லவேளை, அன்றைய ஜெர்மனி பல குட்டி ராஜ்ஜியங்களின் கூட்டம். ஃப்ரோபெல் அப்போது இருந்த மரியன்தால், பிரஷ்யாவுக்கு வெளியே, மைனிங்கன் பிரபுவின் எல்லைக்குள் இருந்தது. அங்கே ஆசிரியைகளுக்குப் பயிற்சி தொடர்ந்தது. ஆனாலும் அடி ஆழமாகவே விழுந்திருந்தது. அமெரிக்காவுக்கே போய்விடலாமா என்றுகூட அந்த வயதில் யோசித்தார். 1852-ல் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டுக்குள் அவர் நுழைந்தபோது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அடுத்த சில வாரங்களில், ஜூன் 21 அன்று காலமானார். கடைசி நாட்களில், ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னார். பூக்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். களைகளையும் விட்டுவையுங்கள், அவற்றிடமும் நிறையக் கற்றிருக்கிறேன் என்றாராம்.

தடை 1860-ல்தான் நீங்கியது. அதற்குள் ஃப்ரோபெலின் மாணவிகள் விதையை வெளியே கொண்டுபோயிருந்தார்கள். லண்டனில் பெர்த்தா ரோங்கே. அமெரிக்காவின் விஸ்கான்சினில், வாட்டர்டவுன் என்ற ஊரில் மார்கரெத் ஷூர்ஸ். பிரஷ்யாவில் தடை அமலில் இருந்த 1856-லேயே, தன் மகளையும் உறவுக் குழந்தைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.