பட்டன் அழுத்தத்தானே, அதற்கு எதற்கு டிகிரி?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் அழைத்தாள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்ஸி. ரேடியாலஜி படிக்க வேண்டும் என்கிறாளாம். வீட்டில் ஒரே எதிர்ப்பு. "பட்டன் அழுத்தத்தானே, அதற்கு எதற்கு டிகிரி?" என்கிறார் தாத்தா. "கதிர் பட்டால் நாளைக்குக் குழந்தை குட்டி பிறக்குமா?" என்பது பாட்டியின் பயம். "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்றாள்.

முப்பது வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு மாணவனிடம் நானும் அந்தத் தாத்தா மாதிரிதான் பேசினேன். அவன் வேறு படிப்புக்குப் போய்விட்டான். எக்ஸ் கதிர் பாடத்தை வருடாவருடம் நடத்தியவன் நான். அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருந்த கதையை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அதனால் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அந்தப் படம் உங்கள் பாடப்புத்தகத்திலும் இருந்தது. சில மாதங்களிலேயே பல நாட்டு மருத்துவர்கள் இந்தக் கதிரைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கருவியை இயக்கியவர்களுக்குப் பாடமும் இல்லை, பயிற்சியும் இல்லை. குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே குறுக்கே நீட்டினார்கள்.

அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் செய்தார். கைகள் புண்ணாகிப் புற்றாக மாறின. அவற்றை வெட்டியெடுத்தும் பயனில்லை. 1904-இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி உயிர்விட்டவர்களுக்காக 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அன்றே அதில் 169 பெயர்கள் இருந்தன. பிறகு இன்னும் பல சேர்ந்தன.

கற்றுக்கொடுத்தால்தான் இது சரிப்படும் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. முதல் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். அவற்றை இயக்க ஏறக்குறைய 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மின்சாரம், உடற்கூறு, படமெடுக்கும் முறை எல்லாம் பாடம். பதினெட்டு வயதுகூட நிரம்பாமல் தாயுடன் இறங்கிய மகள் ஐரீனும் பிறகு கற்பித்தார். அமெரிக்காவில் 1920-இல் இத்தொழிலாளர்கள் சிகாகோவில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1922-இல் தேர்வு எழுதிப் பதிவு பெறும் முறை வந்தது.

ஆனால் கதிரின் ஆபத்து அந்த ஆசிரியர்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. மேரி கியூரி 1934-இலும் ஐரீன் 1956-இலும் இரத்தம் சார்ந்த நோய்களால் இறந்தார்கள். கதிர்வீச்சோடு கழிந்த வாழ்க்கைதான் அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

நம் ஊரும் இந்தக் கதையில் உண்டு. அதே 1934-இல்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பெர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் தொடங்கியது. இன்று நம் மாநிலத்தில் பெரும்பாலும் மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்று இந்த டிகிரி நடக்கிறது. 2021-இல் இத்தகைய துறைகளுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இப்போது தாத்தாவுக்குப் பதில். பட்டனை யாரும் அழுத்தலாம். எவ்வளவு கதிர், எந்தக் கோணம், குழந்தைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் படிப்பு. தவறாக எடுத்த படத்தைத் திரும்ப எடுத்தால் நோயாளிக்கு இரண்டு மடங்கு கதிர்.

பாட்டிக்கும் பதில். உங்கள் பயம் நியாயமானது அம்மா. அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் இந்தப் படிப்பு. நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, தடுப்பை வை என்ற மூன்றும்தான் அதன் அரிச்சுவடி. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதை இவர்கள் தினமும் வாழ்ந்து பார்க்கிறார்கள். சட்டையில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜ் உடலில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும். ஐந்தாண்டுக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. கர்ப்பமானதைத் தெரிவித்துவிட்டால் கருவுக்கென்று அதைவிட மிகக் குறைந்த வரம்பு தனியாக உண்டு. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் எக்ஸ் கதிரே கிடையாது.

அம்மாவுக்கு ஒன்று சொல்வேன். கல்லூரியில் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேள். "பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனையும் கருவிகளும் இருக்கின்றனவா? கதிர் உள்ள அறையில் நிற்கும் பிள்ளைகளுக்கு பேட்ஜ் கொடுக்கிறீர்களா?" பதில் தயங்கி வந்தால் எழுந்து வந்துவிடு. சரியாக வந்தால் பெண்ணைத் தைரியமாகச் சேர்.

அன்று நான் திருப்பி அனுப்பிய மாணவன் இதைப் படித்தால், என்னை மன்னித்துக்கொள் தம்பி. இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணும் படிப்பாள்.