நான்கு முறை நட்ட பலகை

சாலை ஓரத்துப் பலகைகளை நாம் அவ்வளவாக மதிப்பதில்லை. அடுத்த ஊருக்கு எத்தனை மைல் என்று சொல்லும் பலகையாவது வழி தவறியவனுக்கு உதவும். 'இந்த இடத்தில் இன்ன வருஷம் இன்னது நடந்தது' என்று சொல்லும் பலகையை யார் நின்று வாசிக்கிறார்கள்? பஸ் போகிற வேகத்தில் முதல் வரியை முடிப்பதற்குள் அது பின்னால் போய்விடும். இப்படி யாருமே லட்சியம் செய்யாத ஒரு பலகையை, வேலை மெனக்கெட்டு வண்டி எடுத்துக்கொண்டு போய், ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று ஒருவன் துப்பாக்கியால் சுடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அதை மிகவும் கவனமாகப் படித்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சுடப்பட்ட ஒரு பலகையின் கதைதான் இது. அமெரிக்காவின் தென்பகுதியில் மிஸிஸிப்பி ராஜ்யம் இருக்கிறது. அதன் வடமேற்கில், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி விளையும் சமவெளி. அங்கே டல்லஹாச்சி என்று ஒரு கவுண்டி. நம் பேச்சில் ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம். ஜில்லா என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜனத்தொகை 13 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அதே பெயருள்ள ஆறு ஒன்று அதன் வழியாக ஓடுகிறது. பலகையை நட்டது அந்த ஆற்றின் கரையில், கிராபால் துறை என்ற இடத்தில்.

பலகைக்கு முன்னால் பையனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எம்மெட் டில் என்று பெயர். சிகாகோவில் வளர்ந்த கறுப்பர் வீட்டுப் பிள்ளை. 1955 ஆகஸ்டில், 14 வயது நிரம்பிய சில வாரங்களில், விடுமுறைக்காகத் தாயின் மாமா மோஸஸ் ரைட்டின் வீட்டுக்கு வந்தான். அது பக்கத்து ஜில்லாவான லெஃப்லோரில், மணி என்ற சிற்றூருக்கு அருகில் இருந்தது. மணி என்றால் ஆங்கிலத்தில் பணம். ஊரில் இருந்ததோ ஒரு மளிகைக்கடையும் இரண்டொரு கட்டடங்களும்தான். ஆகஸ்டு 24ஆம் தேதி பிள்ளைகள் கடைக்குப் போனார்கள். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கடைக்காரனின் மனைவி, ஒரு வெள்ளைக்காரி. பையன் அவளைப் பார்த்துச் சீட்டி அடித்தான் என்று கூடப்போன பிள்ளைகள் பிற்காலத்தில் சொன்னார்கள். நகரத்தில் வளர்ந்தவன், அந்தச் சீமையில் அதற்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது.

28ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கடைக்காரன் ராய் பிரையண்டும் அவன் அண்ணன் முறையான ஜே. டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். 31ஆம் தேதி மீன் பிடிக்கப் போன ஒரு பையன் ஆற்றில் உடலைக் கண்டான். பருத்தி அரைவை ஆலையின் இரும்பு விசிறி ஒன்றை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டிருந்தார்கள். அந்த இரும்பின் எடை சுமார் 34 கிலோ. மேலே வராது என்று நம்பினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. விரலில் கிடந்த தகப்பனார் மோதிரத்தைக் கொண்டுதான் இன்னார் என்று தெரிந்தது.

சவப்பெட்டி மூடி முத்திரையிட்டுச் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தது. தாய் மேமி டில் அதைத் திறக்கச் சொன்னார். மகனைப் பார்த்தார். பிறகு, பெட்டியை மூடக் கூடாது, என் பிள்ளைக்குச் செய்ததை உலகமே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெற்ற வயிறு எவ்வளவு எரிந்திருந்தால் அப்படி ஒரு தீர்மானத்துக்கு வரமுடியும்! சிகாகோ கோயிலில் திறந்த பெட்டியைக் கடந்து பல்லாயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜெட் என்ற பத்திரிகையில் படம் வந்தது. ஒரு தலைமுறைக் கறுப்பின இளைஞர்கள் அந்தப் படத்தை மறக்கவே இல்லை.

வழக்கு டல்லஹாச்சி ஜில்லாவின் சம்னர் ஊர்க் கோர்ட்டில் 1955 செப்டம்பர் 19ஆம் தேதி தொடங்கியது. கோர்ட்டின் வாசலில் ஒரு நினைவுச்சின்னம் நின்றது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படையின் வீரர்களுக்காக 1913இல் எழுப்பியது அது. உள்ளே 12 ஜூரிகள். அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். 64 வயது மோஸஸ் ரைட் எழுந்து நின்று, பையனைக் கொண்டுபோனவர்களை விரல் நீட்டிக் காட்டினார். அந்த ஊரில் ஒரு கறுப்பர் வெள்ளையனை நோக்கி அப்படி விரல் நீட்டுவது தம் உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். 18 வயது வில்லி ரீட், ஒரு களஞ்சியக் கொட்டகைக்குள்ளிருந்து அடியும் கதறலும் கேட்டதாகச் சாட்சி சொன்னான். 23ஆம் தேதி ஜூரிகள் 67 நிமிஷத்தில் திரும்பி வந்து, குற்றவாளிகள் அல்ல என்றார்கள். நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது.

நாலு மாதம் கழித்து, 1956 ஜனவரியில், லுக் என்ற பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு இருவரும் தாங்கள்தான் கொன்றதாக ஒப்புக்கொண்டார்கள். விடுதலை ஆனவனை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடாது. பயம் எதற்கு?

கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த ஒப்புதலில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அவர்கள் சொன்ன கதையில் வில்லி ரீட் கதறலைக் கேட்ட கொட்டகையில் கொலை இல்லை. அந்தக் கொட்டகை இருந்தது சன்ஃப்ளவர் என்ற வேறொரு ஜில்லாவில், மைலத்தின் சகோதரன் மேற்பார்த்த பண்ணையில். அதைச் சொன்னால், கூட இருந்த மற்றவர்களின் பெயரையும் சொல்ல வேண்டிவரும். அவர்கள் மீதோ வழக்கே நடக்கவில்லை. ஆகவே கொலைக்களத்தை ஆற்றங்கரைக்கு மாற்றிவிட்டார்கள். வெகுகாலம் ஊர் உலகமெல்லாம் நம்பியது அந்தக் கதையைத்தான். சாலையோரப் பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூட முதலில் தீர்மானித்தவர்கள் கொலைகாரர்கள்!

அதன் பிறகு மௌனம். ஐந்து வருஷம் பத்து வருஷம் இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம். பருத்தி விதைத்தார்கள், எடுத்தார்கள். கோர்ட்டில் வேறு வழக்குகள் நடந்தன. மேமி டில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார், 2003 ஜனவரியில் கண்ணை மூடினார். அன்று மிஸிஸிப்பியின் எந்தச் சாலையிலும் அவருடைய மகன் பெயரில் ஒரு பலகைகூட இல்லை. 2005இல்தான் அந்த வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 மைல் தூரத்துக்கு எம்மெட் டில் பெயரை வைத்தார்கள். அடுத்த வருஷமே பெயர்ப்பலகை மீது கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் மூன்று எழுத்துக்களை யாரோ பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த 2006இல், ஜில்லா நிர்வாக சபைக்குத் தலைமை வகித்த ஜெரோம் லிட்டில் என்ற கறுப்பரின் முயற்சியால் ஒரு நினைவுக் குழு அமைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் அதில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். குழுவை முன்னின்று நடத்தியவர்களில் பெட்டி பியர்ஸன் என்ற வெள்ளைக்கார அம்மாள் ஒருவர். பண்ணைக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1955இல் இளம்பெண்ணாக அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டவர். ஐம்பது வருஷம் ஒரு தீர்ப்பை மனத்தில் சுமந்துகொண்டு அதே ஊரில் வாழ்வது எளிதா? 2007 அக்டோபர் 2ஆம் தேதி அதே கோர்ட்டின் முன்னால், நீதி தவறிவிட்டது என்று ஜில்லா மக்களின் பெயரால் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் வாசித்தார்கள். 1913இல் வைத்த சின்னத்துக்குப் பக்கத்திலேயே பையனைப் பற்றிய பலகையும் வந்தது. 2008இல் சம்பவத்தோடு தொடர்புள்ள பல இடங்களில் ஊதா நிறப் பலகைகளை நட்டார்கள். கிராபால் துறைப் பலகை அவற்றில் ஒன்று.

உடல் கரைசேர்ந்த இடம் சரியாக அதுதானா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. சுட வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் பலகையை அதே 2008இல் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். பையனைப் போட்ட அதே ஆறு. குழு இரண்டாவது பலகையை நட்டது. சில வருஷங்களில் அதில் 317 ஓட்டைகள் விழுந்திருந்தன. ஒருவர் கோபத்தில் ஒரு நாள் செய்த காரியம் என்று சொல்லிவிட முடியாத கணக்கு இது. 2018 ஜூனில் மூன்றாவது பலகை வந்தது. 35 நாள் தாங்கியது. பிறகு அதிலும் குண்டு. அந்தப் பலகையின் முன்னால் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் துப்பாக்கியும் சிரிப்புமாக எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2019 ஜூலையில் வெளியே வந்தது. சுட்டவர்கள் அவர்கள்தான் என்று நிரூபணம் இல்லை. சிரித்ததற்கு நிரூபணம் தேவையில்லை, படத்திலேயே இருக்கிறது.

பகை மட்டும்தான் பலகைக்கு எதிரி என்று எண்ண வேண்டாம்; பணமும் சில சமயம் வேடிக்கை செய்யும். மணி ஊரில் அந்த மளிகைக்கடை கூரை போய், சுவர் சரிந்து, கொடி படர்ந்து கிடந்தது. 2011இல் அதன் முன்னே மிஸிஸிப்பியின் விடுதலைப் பாதைப் பலகைகளில் முதலாவதை வைத்தார்கள். அதே வருஷம், குடியுரிமைப் போராட்டச் சின்னங்களைக் காப்பதற்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து 2 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான தொகை அந்தக் கடையைத் தாண்டிப் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டது. கொலைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இன்று அந்தப் பங்கு மெருகோடு நிற்கிறது. பையன் கால் வைத்த கடையோ இடிந்து கிடக்கிறது. பலகையையும் 2017இல் இரண்டு தடவை சுரண்டியும் உரித்தும் பாழ்செய்தார்கள்.

மறுபடி கிராபால் துறைக்கு வருவோம். மூன்றாவது பலகையும் போனபின் குழுவுக்கு ஒரு தர்மசங்கடம். ஓட்டை விழுந்த பலகையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பளபளவென்று ஒன்றை நடுவதா? நட்டால், பையன் இறந்தது 1955இல், அந்தக் காலம் மாறிவிட்டது என்று வழிப்போக்கன் நினைத்துக்கொண்டு போவான். அந்தக் காலம் மாறவில்லை என்பதற்கு 317 அத்தாட்சிகள் இருக்கும்போது அவற்றை மறைப்பது சரியா? அப்படியே விட்டுவைத்தாலோ, சுட்டவன் ஜெயித்துவிட்டான் என்று ஆகாதா?

இதே கேள்வி 1955இல் ஒரு தாயின் முன்னால் நின்றது. மூடிய பெட்டி கௌரவமாக இருந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். அந்த அம்மாள் வசதியைப் பார்க்கவில்லை. காயத்தைத் துணியால் மூடினால் காயம் செய்தவனுக்குத்தான் லாபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குழு இரண்டையும் செய்தது. 2019 அக்டோபரில் நான்காவது பலகையை நட்டார்கள். குண்டு துளைக்காத எஃகு; எடை சுமார் 227 கிலோ. இனி யாரும் அதைத் தூக்கி ஆற்றில் எறிய முடியாது. அதில் பையனின் கதையோடு, முந்திய பலகைகளைத் திருடியதும் ஆற்றில் போட்டதும் சுட்டதும் மறுபடி நட்டதும் மறுபடி சுட்டதும்கூட எழுதப்பட்டிருந்தன. சுட்டவர்கள் தாமே ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லலாம். அடுத்த மாதமே வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் சிலர் கொடியோடு அங்கே வந்து படம் எடுக்க முயன்றார்கள். அபாயச் சங்கு அலறியது, ஓடிவிட்டார்கள்.

317 ஓட்டை விழுந்த பலகையை 2021 செப்டம்பரில் தலைநகர் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜனங்கள் பார்க்கும்படி வைத்தார்கள். பெட்டி இரண்டாம் முறை திறந்தது.

2023 ஜூலை 25, பையன் இருந்திருந்தால் அவனுக்கு 82 வயது நிறையும் நாள். அன்று ஜனாதிபதி பைடன் மூன்று இடங்களைத் தாய், மகன் இருவர் பெயராலும் தேசிய நினைவிடமாக அறிவித்தார். சிகாகோவில் பெட்டி திறந்திருந்த கோயில், சம்னர் கோர்ட்டு, கிராபால் துறை ஆகியவை அவை. கோர்ட்டு மண்டபத்தை ஏற்கெனவே 1955இல் இருந்தபடி புதுப்பித்திருந்தார்கள். அந்த 12 ஜூரிகளும் உட்கார்ந்த இடத்தை இன்று யாரும் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவும் நடந்ததால் அந்த ஜில்லா திருந்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கல்லும் எஃகும் மனிதர்களைத் திருத்துவது கிடையாது. 1913இல் நட்ட சின்னத்தைப் பார்த்துக்கொண்டுதான் 1955இல் ஜூரிகள் படியேறிப் போனார்கள். அது அவர்களுக்கு யாருடைய வீரத்தை நினைவூட்டியது என்பது தீர்ப்பிலேயே தெரிந்தது. எந்தக் கல்லை நடுகிறோம் என்பதிலும், விழுந்தால் மறுபடி நடுவதற்கு ஆள் இருக்கிறதா என்பதிலுமே விஷயம் இருக்கிறது. மௌனம் ஐம்பது வருஷம் காவல் காத்த ஊரில், பிடுங்கப் பிடுங்க நடுவதற்குப் பிடிவாதக்காரர்கள் ஒரு கைப்பிடி அளவாவது இருந்தார்கள். அவர்களில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு.

பையனை ஆற்றின் அடியில் நிறுத்திவைக்க 34 கிலோ இரும்பு போதும் என்று இரண்டு பேர் கணக்குப் போட்டார்கள். மூன்றே நாளில் அந்தக் கணக்குப் பொய்த்தது. அவன் பெயரைக் கரையின் மேல் நிறுத்திவைக்க 64 வருஷமும் 227 கிலோ எஃகும் ஆயின.