ஓட்டத்தின் செலவும் ஒரு பவுண்டு தானியமும்

தஞ்சைத் தரணியில் விடியற்காலையில் வெளியே சென்றால் இரு காட்சிகளைக் காணலாம். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு மாணவன் ஓட்டப் பயிற்சி செய்கிறான். அருகே சேற்றில் குனிந்து பெண்கள் நாற்று நடுகிறார்கள். இருவரும் செலவிடுவது ஒன்றையே. அதுதான் உண்ட உணவின் ஆற்றல். அதை எவ்வாறு அளப்பது? வெறும் ஏட்டுக் கேள்வியன்று இது. நம் மாநிலத்தில் ஒருமுறை இதன் விடையைப் பொறுத்துப் பல உயிர்கள் ஊசலாடின.

பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 1790ஆம் ஆண்டையொட்டி, தம் உதவியாளர் செகன் உட்கொண்ட பிராணவாயுவை அளந்தார். ஓய்வைவிட, காலால் எடையைத் தூக்கும்போது அது பெரிதும் மிகுந்தது. மூச்சும் ஒருவகை எரிதலே என்பது தெளிவாயிற்று. அப்படியானால் அதிகம் எரிக்கும் உழைப்பாளிக்கு உணவு குறைவாகவும், உழைக்காத செல்வருக்கு மிகுதியாகவும் கிடைப்பது ஏன் என்றும் அவர் வினவினார்.

அந்த வினா 1877இல் சென்னை மாகாணத்தில் எழுந்தது. மாகாணத்தின் பல மாவட்டங்களைப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. காவிரிப் பாசனத்தால் தஞ்சை பெரும்பாலும் தப்பியது. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியத்தின் விலையும் அரை அணாவும் போதும் என்றார், அரசப் பிரதிநிதி அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை மறுத்தார். சிறைக் கைதிகளின் உணவு அளவுகளை எடுத்துக்காட்டி, இக்கூலியில் உழைப்பவர் மெலிந்து மடிவர் என வாதாடினார். பின்னர் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. ஆயினும் அதற்குள் மெலிந்தவர்களில் பலர் மீளவில்லை.

இன்று கணக்கிட்டால் யார் சொன்னது சரி என்பது புலப்படும். 1 பவுண்டு என்பது 454 கிராம். அவ்வளவு அரிசி தருவது ஏறக்குறைய 1,600 கிலோ கலோரி. கடினமாக உழைக்கும் ஆணுக்கோ 3,000க்கும் மேல் வேண்டும். மீதியை உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஈடுகட்டும்.

உழைப்பின் செலவை நேரே அளக்கும் வழி பின்னரே வந்தது. 1911இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டக்ளஸ், முதுகில் சுமக்கக்கூடிய பை ஒன்றை அமைத்தார். வெளிவிடும் மூச்சை அதில் பிடித்து ஆராய்ந்தால், செலவான பிராணவாயு தெரியும். அதில் 1 லிட்டருக்குச் சுமார் 5 கிலோ கலோரி. இத்தகைய அளவீடுகளைக் கொண்டு 1963இல் இத்தாலியரான மார்கேரியாவும் உடன் பணியாற்றியோரும் ஓர் எளிய விதியைக் கண்டனர். சமதளத்தில் ஓடுபவர், உடல் எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவிடுகிறார். விரைந்து ஓடினாலும் மெல்ல ஓடினாலும் தொகை அதிகம் மாறுவதில்லை, நேரம்தான் மாறுகிறது.

நம் மாணவனின் எடை 50 கிலோ என்போம். 10 கிலோமீட்டர் ஓடினால் 50 × 10 = 500 கிலோ கலோரி; அதாவது சுமார் 145 கிராம் அரிசி. இது மதிப்பீடே, ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும்.

ஓடுபவன் வீடு திரும்பி இச்செலவை ஈடுசெய்துகொள்கிறான். வயலில் நாள் முழுதும் குனிந்து நிற்பவரின் செலவும் இதே அளவுகோலால் அளக்கத் தக்கதே. கூலியை நிர்ணயிப்போர் மறக்கக் கூடாத கணக்கு அது.