அறிவுள்ள கடல் விலங்குகள் மீதான மனிதச் சார்பு

அறிவுள்ள கடல் விலங்குகள் மீதான மனிதச் சார்பு என்பது, அறிவுத்திறன் மிக்க கடல் விலங்குகளுள் சிலவற்றை மட்டும் மனிதர் நேசித்துக் காப்பதையும், ஏனையவற்றை வெறும் உணவாகக் கருதுவதையும் குறிக்கும். தமிழகக் கடலில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, டால்பின் எனப்படும் ஓங்கிலும் ஆக்டோபசு எனப்படும் பேய்க்கணவாயும் ஆகும்.

இவ்விரண்டும் மன்னார் வளைகுடாவில் வாழ்கின்றன. ஓங்கில் இறந்து கரையொதுங்கினால் அது நாளிதழ்ச் செய்தியாகிறது. கணவாய் வகைகளோ பெருமளவில் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாகின்றன. கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டம் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில், ஓங்கிலைப் படத்திலும் கணவாயைத் தட்டிலும் மட்டுமே கண்டோர் பலர்.

அறிவுத்திறன்

ஓங்கில்கள் கண்ணாடியில் தம்மை அடையாளங்காண்பதை 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி மூளையில் அன்றிக் கைகளில் அமைந்துள்ளது. இந்தோனேசியாவில் ஒருவகைப் பேய்க்கணவாய் தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து சென்று மறைவிடமாகப் பயன்படுத்துவது 2009இல் பதிவு செய்யப்பட்டது. மறைவிடம் தேடும் இதே இயல்பு பாக்கு நீரிணையில் அதற்குப் பகையாகிறது. மீனவர் வெற்றுச் சங்கு ஓடுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவர்; பேய்க்கணவாய் தானே வந்து உட்புகும்.

சார்பின் காரணங்கள்

ஓங்கில் பாலூட்டி, காற்றைச் சுவாசிக்கிறது, கன்றுடன் நீந்துகிறது, கூட்டமாக வாழ்கிறது. அதன் 'புன்னகை' உண்மையில் தாடையின் வடிவமே. இறந்த ஓங்கிலும் புன்னகைப்பது போலவே தோன்றும். பேய்க்கணவாய் முதுகெலும்பற்றது, பெரும்பாலும் தனித்து வாழ்வது. பெரும்பாலான இனங்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. அதன் தமிழ்ப் பெயரிலேயே 'பேய்' உள்ளதைக் கவனிக்க.

எனினும் பாலூட்டியாய் இருப்பது மட்டும் போதுவதில்லை. ஆவுளியா எனப்படும் கடற்பசு, இதே கடலில் இறைச்சிக்காக நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. அறிவுக்காகப் பெயர்பெறாத அவ்விலங்குக்குப் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பில் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அருகிவரும் நிலையே அதற்குக் காரணம். அறிவுத்திறன் அங்கு அளவுகோலாக இருக்கவில்லை.

சட்டப் பாதுகாப்பு

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 ஓங்கில்களைக் காக்கிறது. 2013 மே மாதம் நடுவண் விலங்கினக் காட்சியக ஆணையம் ஓங்கில் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஓங்கில்களை 'மனிதரல்லாத ஆட்கள்' எனக் கருத வேண்டும் என்ற அறிவியலாளர் சிலரின் கருத்தை அது எடுத்துக்காட்டியது. இந்தியா ஓங்கில்களுக்குச் சட்டப்படி அத்தகுதியை வழங்கிவிட்டதாகப் பரவிய செய்தி மிகையானது.

தலைக்காலிகளுள் அழகிய ஓட்டுக்காக விற்கப்படும் நாட்டிலசு 2001இல் இச்சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைவிடச் சிக்கலான மூளை கொண்ட பேய்க்கணவாய் சேர்க்கப்படவில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 மனிதரல்லாத எல்லா உயிரினங்களையும் 'விலங்கு' என வரையறுத்தாலும், உணவுக்காகக் கொல்வதற்கு விலக்களிக்கிறது. தேவையற்ற துன்பம் கூடாது என்பதே நிபந்தனை. பிரித்தானியாவில் 2022இல் இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டம், தலைக்காலிகளையும் நண்டு, இறால் முதலியவற்றையும் உணர்வுள்ளவையாக ஏற்றுள்ளது. பேய்க்கணவாய்ப் பண்ணைகளை அமெரிக்காவின் வாசிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024இல் தடை செய்தன.